கலத்தை எங்களுக்குக் காட்டுங்கள்

பத்தாம் தரத்துப் பிள்ளை ஒருத்தியை நித்திரையிலிருந்து எழுப்பி, "தாவரக் கலம் ஒன்று வரை" என்று சொல்லிப் பாருங்கள். கண்ணைக் கசக்கிக்கொண்டே வரைந்து விடுவாள். மூலை மழுங்கிய ஒரு நீள்சதுரம், அதற்குள் ஒட்டினாற்போல் இன்னொரு கோடு, நடுவில் பெரிய புன்வெற்றிடம், அது தள்ளியதில் ஓரமாக ஒதுங்கிய கரு, அவரை விதை போல நாலைந்து பச்சையவுருமணிகள், பக்கத்தில் இரண்டு இழைமணிகள். பெயரிடும் கோடுகள் ஒன்றையொன்று வெட்டாது. கோட்டின் நுனியில் அம்புக்குறி இராது. புள்ளியும் முழுதாகக் கிடைக்கும்.

அதே பிள்ளையிடம், "இதை எங்கே கண்டாய்?" என்று கேளுங்கள். "புத்தகத்தில்" என்பாள்.

என் அபிப்பிராயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கலம் பற்றிய பாடம் நுணுக்குக்காட்டிக்கு முன்னால் தொடங்க வேண்டும். படம் அதற்குப் பிறகு வரட்டும். இப்போது நடப்பது இதற்கு நேர்மாறு. படம் முதலில் வருகிறது, நுணுக்குக்காட்டி வந்தால் வருகிறது, பல பிள்ளைகளுக்கு அது வருவதே இல்லை. உயர்தரத்தில் உயிரியல் படிப்பவள் என்பதால் எனக்கு அது கிடைத்துவிட்டது. ஆகவே இது எனக்காகக் கேட்பதல்ல.

படத்தில் உள்ள அந்தக் கலம் உலகத்தில் எங்கும் இல்லை என்பதை முதலில் ஒத்துக்கொள்வோம். எல்லாத் தாவரக் கலங்களிலும் இருக்கக்கூடியவற்றை ஒன்றாகச் சேர்த்து, கற்றுக்கொள்ளும் வசதிக்காக ஆக்கிய படம் அது. அதில் பிழை இல்லை. ஆனால் அந்தச் சங்கதியை எங்களுக்கு யாரும் அழுத்திச் சொல்வதில்லை. வெங்காயத்தின் சதைச் செதிலிலிருந்து மெல்லிய தோலை உரித்து, ஒரு துளி அயடீன் விட்டு நுணுக்குக்காட்டியில் வைத்துப் பார்க்கும் பிள்ளை முதலில் கேட்கப்போவது என்ன தெரியுமா? "டீச்சர், பச்சையவுருமணி எங்கே?" அது அங்கே இல்லை. வெங்காயம் மண்ணுக்குள் வெளிச்சம் படாமல் கிடப்பது. வெளிச்சம் இல்லாத இடத்தில் அந்த வேலைக்கு ஆள் எதற்கு? இந்த ஒரு கேள்வியும் பதிலும் சேர்ந்தால், கலத்தின் அமைப்பு அதன் தொழிலைப் பொறுத்தது என்ற பாடம் முழுவதும் முடிந்துவிடும். வரைபடத்தை மனனம் செய்தவளுக்கு அந்தக் கேள்வியே வராது.

கன்னத்தின் உட்புறத்தைக் குச்சியால் மெதுவாகச் சுரண்டிப் பார்த்தால் எங்கள் கொப்பிகளில் உள்ள அழகான வட்டங்களைக் காணமாட்டோம். கிழித்துப்போட்ட ரிசுக் கடதாசித் துண்டுகள் போல, மடிந்தும் ஒன்றன்மேல் ஒன்று கிடந்தும், நடுவே ஒவ்வொரு புள்ளியுடன் தெரிபவைதான் எங்கள் சொந்தக் கலங்கள். எங்கள் இரத்தத்தில் ஓடும் முதிர்ந்த செங்குழியத்தில் கருவே இல்லை. தசைநார் ஒன்றில் பல கருக்கள் இருக்கின்றன. படத்தை மட்டும் நம்பியவளுக்கு இவையெல்லாம் "விதிவிலக்குகள்". பார்த்துப் பழகியவளுக்கோ படம்தான் விதிவிலக்கு.

இன்னொன்று. அந்தப் படத்தின் பகுதிகள் எல்லாவற்றையும் ஒரே ஆள் ஒரே கருவியால் பார்த்ததில்லை. ரொபேர்ட் ஹூக் 1665இல் தக்கையின் மெல்லிய துண்டில் கண்டது வெறும் சுவர்களைத்தான். உள்ளே இருந்த உயிர் எப்போதோ போய்விட்டது. அதற்குச் சில வருடங்களின் பின், ஒல்லாந்தில் புடவைக்கடை வைத்திருந்த லீவன்ஹூக் தன் கையால் தீட்டிய வில்லையால் தண்ணீர்த் துளிக்குள் ஓடித்திரியும் சின்னஞ்சிறு உயிர்களைக் கண்டார். நூலின் நெருக்கத்தைப் பார்க்க வில்லை பிடிக்கும் தொழில் அவருடையது. எங்கள் கண்டி நகரப் புடவைக்கடை முதலாளிமாரில் ஒருவர் கடையைச் சாத்திவிட்டு மகாவலித் தண்ணீரை வில்லையில் பார்ப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். கருவை அடையாளம் கண்டு பெயரிட்டவர் ரொபேர்ட் பிரவுண். அது 1831இல். அவர் பார்த்தது ஓர்கிட் செடியின் மேற்றோலை. நாங்கள் ஒவ்வொரு சுற்றுலாவிலும் பேராதனைப் பூங்காவின் ஓர்கிட் மனைக்கு முன்னால் நின்று படம் பிடித்துக்கொள்கிறோம். எங்களுக்குப் பின்னால் நிற்பது எதைக் காட்டிய செடி என்று ஒருவரும் சொன்னதில்லை. இறைபோசோம் தெரியவந்ததோ 1950களில், இலத்திரன் நுணுக்குக்காட்டியில், ஜோர்ஜ் பலாடே போன்றோரின் ஆய்வுகளால். அது 20 நனோமீற்றரை அண்டிய பொருள். 200 நனோமீற்றருக்குக் கீழே நெருங்கியவற்றை ஒளி நுணுக்குக்காட்டியால் பிரித்துக் காட்ட முடியாது. ஆக, ஏறத்தாழ முந்நூறு வருடம் மனிதர்கள் கண்ணைச் சுருக்கிப் பார்த்துச் சேர்த்த ஒன்றை, நாங்கள் ஒரு பாடவேளையில் கொப்பியில் இறக்கிவிட்டு அடுத்த அலகுக்குப் போகிறோம்.

பேச்சுப்போட்டி மேடைகளில் இப்னு ஹைதமின் பெயர் வராத வருடம் இல்லை. ஒளியியலின் தந்தை, கிதாபுல் மனாழிர் எழுதியவர் என்று முழங்கிக் கைதட்டும் வாங்குகிறோம். அவர் பெரியவர் ஆனது எதனால்? பொருளிலிருந்து வரும் ஒளிதான் கண்ணுக்குள் போகிறது என்பதை, முன்னோர் எழுதி வைத்ததை அப்படியே ஒப்புவிக்காமல், இருட்டறையும் துவாரமும் வைத்துச் சோதித்துப் பார்த்ததால். அவரைப் புகழ்ந்துவிட்டு வகுப்புக்கு வந்து, பார்க்காத ஒன்றைப் பார்த்ததுபோல் வரைகிறோம்.

சரி, பார்த்தால் என்ன, பார்க்காவிட்டால் என்ன, புள்ளி வருகிறதுதானே என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களுக்கு ஒரு கணக்கு. எங்கள் வகுப்பில் சாதாரண தரம் எழுதியவர்களை எண்ணிப் பாருங்கள். உயர்தரத்தில் உயிரியலுக்கு வருபவர்கள் ஒரு சிறு கூட்டம். பெரும்பாலானோர் கலைப்பிரிவு, வர்த்தகப்பிரிவு என்று போகிறார்கள். சிலர் அத்தோடு வீட்டுக்குப் போகிறார்கள். அவர்களுக்குக் கலம் பற்றிய பாடம் என்பது தரம் 10இல் படித்ததுதான், முதலும் கடைசியும். ஆகவே அந்தப் பாடத்தை, பின்னால் விஞ்ஞானி ஆகப்போகும் ஒருத்தியை மனதில் வைத்து நடத்தக் கூடாது. பின்னால் ஒரு நாளும் ஆய்வுகூடத்துக்குள் காலடி வைக்கப்போகாதவளை மனதில் வைத்து நடத்த வேண்டும்.

ஏனென்றால் அவள் கலத்தைப் பிறகும் சந்திக்கத்தான் போகிறாள். கண்டியில் மழை விட்டு வெயில் எறிக்கும் நாட்களில் எத்தனை வீடுகளில் டெங்குக் காய்ச்சல்! உம்மாமார் இரத்தப் பரிசோதனை அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு வரிசையில் நிற்கிறார்கள். அயல் வீட்டார் பப்பாசி இலைச் சாற்றோடு வந்து கேட்பது ஒரே கேள்விதான்: "பிளேட்லெட் எவ்வளவு?" குருதிச் சிறுதட்டு என்று நாங்கள் படித்தது அதைத்தான். அது ஒரு முழுக் கலமும் அல்ல. என்பு மச்சையில் உள்ள பெரிய கலம் ஒன்றிலிருந்து உடைந்து வரும் சிறு துண்டு. கருவும் கிடையாது. ஒரு மைக்குரோலீற்றர் இரத்தத்தில் 150,000 முதல் 400,000 வரை இருப்பது வழக்கம். டெங்கில் அது விழும். ஆனால் வைத்தியர் அதே கடதாசியில் இன்னொரு வரியையும் உற்றுப் பார்ப்பார். இரத்தத்தில் செங்குழியங்கள் எடுத்துக்கொள்ளும் பங்கு கூடுகிறதா என்று. கூடினால், குருதிமயிர்க் குழாய்களின் சுவரினூடாகத் திரவவிழையம் வெளியே கசிகிறது, இரத்தம் தடிக்கிறது என்று பொருள். டெங்கில் உயிருக்கு உலை வைப்பது பெரும்பாலும் இந்தக் கசிவுதான். மயிர்க்குழாயின் சுவர் ஒற்றைக் கல அடுக்கால் ஆனது என்று ஒருமுறை கண்ணால் கண்டவளுக்கு வைத்தியர் சொல்வது விளங்கும். அம்புக்குறி இல்லாமல் கோடு கீறப் படித்தவளுக்கு எப்படி விளங்கும்?

தலசீமியாவையும் சொல்ல வேண்டும். இது கொஞ்சம் கூச்சப்பட்டுப் பேசும் விடயம் என்றாலும் எங்கள் வயதில்தான் பேச வேண்டும். காவியாக இருப்பவர் நல்ல சுகத்தோடு இருப்பார். வெளியில் ஒன்றும் தெரியாது. அவருடைய செங்குழியங்கள் வழமையைவிடச் சிறியனவாக இருப்பதை ஒரு சாதாரண இரத்தப் பரிசோதனையே காட்டிக்கொடுக்கக்கூடும். இரும்புச்சத்துக் குறைவிலும் அவை சிறுக்கும் என்பதால், எது என்று உறுதிப்படுத்த இன்னொரு பரிசோதனை வேண்டும். இரு காவிகள் மணம் முடித்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் நோய் வர நான்கில் ஒரு வாய்ப்பு. நோயோடு பிறந்த பிள்ளை மாதாமாதம் இரத்தம் ஏற்றி வளர வேண்டும். கல்யாணப் பேச்சில் தளபாடம், நகை எல்லாம் பேசுகிறார்கள். இந்த ஒரு கடதாசியையும் கேட்கச் சொல்லும் தைரியம், செங்குழியம் என்பது மெய்யான ஒரு பொருள், அளக்கத்தக்க ஒரு பொருள் என்று நம்புகிற பெண்ணுக்குத்தான் வரும்.

இனி எங்கள் ஊர்க் கதைக்கு வருகிறேன். கலப் பாடத்தை வேறு எந்த ஊரில் எப்படிப் படிப்பித்தாலும் பரவாயில்லை, கண்டியில் அதை வெறும் படமாகப் படிப்பிப்பது அநியாயம் என்று நான் நினைப்பதற்கு இதுதான் காரணம்.

கம்பளைப் பக்கத்திலும், பேராதனைப் பூங்காவுக்கு ஆற்றுக்கு அப்பால் உள்ள கன்னொறுவையிலும் 1820களில் கோப்பித் தோட்டங்கள் தொடங்கின. அடுத்த நாற்பது வருடத்தில் மலைகள் கோப்பியால் மூடிப்போயின. அந்தக் கோப்பியைப் பறிக்கத்தான் தென்னிந்தியாவிலிருந்து ஏழைச் சனங்கள் கடல் கடந்து, மன்னாரிலிருந்து காட்டு வழியே மாத்தளை வரை நடந்து வந்தார்கள். வழியில் விழுந்தவர்கள் எத்தனையோ பேர். 1869இல் மடுல்சீமைப் பக்கத்துக் கோப்பி இலைகளின் கீழ்ப்புறத்தில் செம்மஞ்சள் தூள் படிந்த புள்ளிகள் தெரிந்தன. அப்போது பேராதனைப் பூங்காவின் பொறுப்பில் இருந்தவர் துவெயிற்ஸ். அவரே நுணுக்குக்காட்டியில் ஊறியவர். இலங்கைக்கு வருமுன் ஒற்றைக் கல உயிரிகளான தயற்றங்கள் இரண்டிரண்டாக இணைவதைக் கண்டு எழுதியவர். அவர் நோய் பிடித்த இலைகளை இங்கிலாந்துக்கு அனுப்ப, அங்கே பார்க்லி என்ற பங்கசு அறிஞர் அந்தத் தூளைப் பெரிதாக்கிப் பார்த்தார். ஒவ்வொரு தூளும் ஒரு வித்தி. அதன் ஒரு பக்கம் வழவழப்பு, மறுபக்கம் சொரசொரப்பு. ஆகவே "பாதி வழவழப்பான பாழாக்கி" என்று பொருள்படும்படி ஹெமிலியா வஸ்டாட்றிக்ஸ் என்று பெயர் வைத்தார்கள். பெயரின் முதற்பாதி கண்ணால் கண்டது. பிற்பாதி பின்னால் நடக்கப்போவது!

தோட்டத்துரைமார் மழையைக் குறை சொன்னார்கள், மண்ணைக் குறை சொன்னார்கள். பத்து வருடம் போயிற்று. 1880இல் ஹரி மார்ஷல் வார்ட் என்ற இளைஞரை அரசாங்கம் வரவழைத்தது. வயது இருபத்தாறு. எங்களில் பலரின் நானாமார் வயது. இரண்டு வருடம் இங்கே இருந்து அவர் செய்த வேலையை, பெரிய கருவிகள் ஏதும் இல்லாமல் எங்கள் ஆய்வுகூடத்திலேயே செய்யலாம். இலையில் தண்ணீர்த் துளி விட்டு அதில் வித்திகளை இட்டார். இலையை மெல்லிய துண்டுகளாக வெட்டி வெட்டிப் பார்த்தார். வித்தியிலிருந்து ஒரு மெல்லிய குழாய் முளைக்கிறது. அது இலைவாயைத் தேடிப் பிடித்து உள்ளே நுழைகிறது. கலங்களுக்கு இடையே கிளைவிட்டு ஓடுகிறது. ஓடும் வழியில் கலங்களுக்குள் சிறு பருகிகளைச் செலுத்தி அவற்றின் உணவை உறிஞ்சுகிறது. பிறகு கீழ்ப்புறத்தில் மறுபடியும் செம்மஞ்சள் வித்திகளாக வெடித்து வெளியே வருகிறது. காற்றில் கண்ணாடித் துண்டுகளை வைத்து, வித்திகள் பறந்து வந்து ஒட்டுவதையும் காட்டினார்.

கோப்பியின் இலைவாய்கள் இலையின் கீழ்ப்புறத்தில்தான் இருக்கின்றன. செம்மஞ்சள் தூள் கீழ்ப்புறத்தில் தெரிவது அதனால்தான். தரம் 10 பிள்ளைக்கு இலைவாய் எதற்கு என்று விளங்கப்படுத்த இதைவிட நல்ல உதாரணம் யாரிடம் இருக்கிறது? இன்னும் ஒன்று. இந்த வகைப் பங்கசின் பருகி கலச்சுவரைத் துளைத்துவிடும், ஆனால் கலமென்சவ்வைக் கிழிப்பதில்லை. மென்சவ்வு உள்வாங்கி, பருகியைச் சுற்றி உறைபோல நிற்கிறது. கலம் உயிரோடு இருந்தால்தானே தொடர்ந்து உறிஞ்சலாம்! வார்டுக்கு இது தெரிய வழியில்லை, இலத்திரன் நுணுக்குக்காட்டி வந்தபின் கண்டது. "கலச்சுவருக்கும் கலமென்சவ்வுக்கும் உள்ள வேறுபாடுகள் இரண்டு தருக" என்ற வினாவுக்கு நாங்கள் அட்டவணை கீறி விடை எழுதுகிறோம். அந்த வேறுபாட்டில்தான் இந்த மலைநாட்டின் தலையெழுத்தே மாறியது.

வார்டிடம் துரைமார் எதிர்பார்த்த மருந்து இருக்கவில்லை. வித்தி இலைக்குள் போனபின் ஒன்றும் செய்ய முடியாது, போவதற்கு முன் தடுக்க வேண்டும், மலை முழுவதும் ஒரே பயிரை நெருக்கி நட்டது பங்கசுக்கு விருந்து வைத்ததுபோல் என்றார். உள்ளதைச் சொன்னவருக்குக் கிடைக்கும் நன்றிதான் அவருக்கும் கிடைத்தது. இலையின் மேலேயே வித்தியைக் கொல்லும் செப்புக் கலவை பிரான்சில் பேசப்பட்டது 1885இல். வார்ட் போய் மூன்று வருடம் கழித்து! அதற்குள் கோப்பி போய்விட்டது. தெல்தோட்டைக்கு அப்பால் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெயிலர் 1867இல் பத்தொன்பது ஏக்கரில் நட்டிருந்த தேயிலை மலைகளைப் பிடித்துக்கொண்டது. கோப்பிக்குப் பருவகால வேலை. தேயிலைக்கோ வருடம் முழுதும் கொழுந்து எடுக்க வேண்டும். வந்தவர்கள் குடும்பமாக லயன்களில் தங்கிப்போனார்கள்.

வரலாற்றுப் புத்தகத்தில் "கோப்பி நோயினால் அழிந்தது" என்று ஒரு வரி. விஞ்ஞானப் புத்தகத்தில் ஒரு கலத்தின் படம். இரண்டும் ஒரே இலை என்று எங்களுக்குச் சொல்ல ஒரு பாடவேளை போதும்.

மொழி விடயத்திலும் எனக்கு ஒரு கருத்து உண்டு. ஆங்கில மூலத்தில் படிக்கும் தோழிகள் எங்கள் கலைச்சொற்களைக் கேட்டுச் சிரிப்பதுண்டு. சிரிக்கட்டும். "கலம்" என்பது நல்ல சொல். மட்கலம், உண்கலம் என்று எதையோ தாங்கி வைத்திருக்கும் பாத்திரம். தமிழ்நாட்டுப் புத்தகங்களில் உயிரணு என்றும் செல் என்றும் வருகிறது. இலங்கைத் தமிழரிடம் "செல்" என்றால் முப்பது வருடம் வேறொன்று விழுந்தது, அந்தச் சொல் எங்களுக்கு வேண்டாம். "இழைமணி" என்பதைப் பாருங்கள். இழையாகவும் மணியாகவும் தெரிவது. மைற்றோகொண்ட்ரியா என்ற கிரேக்கச் சொல்லுக்கும் அதே பொருள்தான், ஆனால் அதை உச்சரிப்பவர்களில் எத்தனை பேருக்கு அது தெரியும்? "இழையுருப்பிரிவு" என்னும்போது அதே இழை மறுபடி வருவது எங்களுக்குச் சொல்லிலேயே தெரிகிறது. எல்லாச் சொல்லும் அப்படி என்று வாதாட மாட்டேன். "புன்வெற்றிடம்" மோசமான சொல். முதிர்ந்த தாவரக் கலத்தின் பெரும்பகுதியை அடைத்துக்கொண்டு, கலச்சாறு நிரம்பி, இலையை வாடாமல் நிமிர்த்தி வைப்பது அது. அதைப் போய்ச் சிறிய வெற்றிடம் என்கிறோம். ஆங்கிலச் சொல்லும் வெறுமை என்ற பொருளிலிருந்தே வந்தது என்பதால் குற்றம் எங்களுடையது மட்டுமல்ல.

தமிழில் விஞ்ஞானம் முடியாது என்பவர்களுக்கு மானிப்பாயில் இருந்த கிறீன் வைத்தியரின் கதையைச் சொல்லலாம். அமெரிக்காவிலிருந்து வந்து, தமிழ் கற்று, தமிழிலேயே வைத்தியம் படிப்பித்து, 1872இல் மனித உடற்கூற்றுப் பெருநூலையே தமிழில் வெளியிட்டவர். ஆனாலும் பல்கலைக்கழகத்துக்குப் போனால் எங்களுக்கு எல்லாம் ஆங்கிலம். கலம் என்று படித்தது வேறு பெயரில் வரும். மனனம் செய்து போனவள் அங்கே இரண்டாம் முறை மனனம் செய்ய வேண்டும், முதல் முறை செய்தது வீண். பார்த்துப் போனவளுக்குப் புதிய பெயர் மட்டும்தான் புதிது. தமிழ்மொழி மூலப் பிள்ளைகளுக்கு நுணுக்குக்காட்டி அலங்காரம் அல்ல, அத்தியாவசியம் என்று நான் சொல்வது இதனால்தான்.

தடைகள் எனக்குத் தெரியாமல் இல்லை. நான் அறிந்த ஒரு பாடசாலையில் நுணுக்குக்காட்டி நல்ல நிலையில் இருக்கிறது, உறை போட்டு, அலுமாரியில், பூட்டி. பிள்ளைகள் உடைத்துவிடுவார்கள் என்ற பயம். உடையும்தான். பத்து வருடம் பூட்டி வைத்து வில்லையில் பூஞ்சணம் பிடிப்பதும் உடைவதற்குச் சமம். பாடத்திட்டத்தை முடிக்க வேண்டும் என்ற நெருக்கடி ஆசிரியைமாருக்கு உண்மையிலேயே இருக்கிறது. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சனிக்கிழமைகளில் நகரத்து மண்டபங்களில் ஒலிவாங்கி வைத்து நூற்றுக்கணக்கானோருக்கு நடக்கும் பிரத்தியேக வகுப்பில் வெங்காயத் தோலைக் கைமாற்ற முடியாது என்பதும் தெரியும். அங்கே கற்பிக்கக்கூடியது கடந்தகால வினாத்தாள் மட்டும்தான்.

ஆகவே வினாத்தாளில் இருந்தே தொடங்கலாம். ஒரே ஒரு வினாவை மாற்றினால் போதும். வரைபடத்துக்குப் பதிலாக, ஒளி நுணுக்குக்காட்டியால் எடுத்த நிஜமான ஒரு வெங்காயத் தோலின் புகைப்படத்தைக் கொடுத்து, "இதில் தெரியாதவை எவை, ஏன் தெரியவில்லை?" என்று கேட்கட்டும். அடுத்த தவணையே அலுமாரிகள் திறக்கும். எங்கள் நாட்டில் பரீட்சையில் வராதது எதுவும் மேசைக்கு வராது. இது கசப்பான உண்மை, அதையே மருந்தாகப் பாவிக்கலாம்.

கருவி இல்லாத பாடசாலைகளுக்கும் இப்போது வழி உண்டு. 2014இல் மனு பிரகாஷ் என்ற இந்திய வம்சாவளி விஞ்ஞானியும் அவருடைய குழுவினரும் கடதாசியை மடித்துச் செய்யும் ஒரு நுணுக்குக்காட்டியை அறிமுகப்படுத்தினார்கள். ஃபோல்ட்ஸ்கோப் என்று பெயர். பொருட்செலவு ஓர் அமெரிக்க டொலரை அண்டியது, 140 மடங்கு பெரிதாக்கும். வெங்காயத் தோலுக்கு அது தாராளம்.

பார்க்கும் பொருளுக்கோ பஞ்சமே இல்லை. வீட்டு முற்றத்துச் சாடிகளில் கீழ்ப்புறம் ஊதா நிறமான றியோச் செடி நிற்கிறது. அந்த ஊதாத் தோலை உரித்துத் தண்ணீரில் பார்த்துவிட்டு, கடும் உப்புக் கரைசலில் வைத்துப் பாருங்கள். ஊதாச் சாறு சுவரை விட்டு விலகிச் சுருங்குவது கண்முன்னே நடக்கும். சுவர் மட்டும் அப்படியே நிற்கும். மறுபடி தண்ணீர் விட்டால் மெல்ல மெல்ல நிரம்பி வரும். பிரசாரணமும் முதலுருச்சுருக்கமும் இதுதான். பாகற்காய்க்கு உப்புப் பிசறி வைத்துப் பிழியும் ஒவ்வொரு உம்மாவும் தினமும் செய்வதும் இதுதான். அதை ஒருமுறை பார்த்த பிள்ளைக்கு வரைவிலக்கணத்தை மனனம் செய்ய ஒரு நிமிடம் போதும், மறக்க ஒரு ஆயுள் போதாது.

பார்த்ததை வரையச் சொல்லும்போது படம் அசிங்கமாக வரும். கோடு கோணலாகும், கரு ஒன்றில் தெரியும் மற்றதில் தெரியாது, நடுவே காற்றுக்குமிழி ஒன்று பெரிய வட்டமாக நின்று எல்லோரையும் ஏமாற்றும். அந்த அசிங்கமான படத்துக்கும் புள்ளி போடும் மனம் ஆசிரியைமாருக்கு வர வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

எங்கள் வீட்டுப் பின்வளவில் ஒரு கோப்பிச் செடி நிற்கிறது. யாரும் நட்டதில்லை, பறவை போட்ட விதையாக இருக்கும். சென்ற மழைக்குப் பிறகு இலைகளைத் திருப்பிப் பார்த்தேன், கீழ்ப்புறத்தில் அதே செம்மஞ்சள் தூள். விரலில் ஒட்டுகிறது. தரம் 10 தங்கைமாருக்குக் காட்ட விஞ்ஞான மன்றத்துக்கு இலை வேண்டுமென்றால் எந்தத் திங்கட்கிழமையும் கொண்டு வருகிறேன். அலுமாரித் திறப்பை மட்டும் யாராவது கேட்டு வாங்கி வையுங்கள்.